குளிரில் அணைந்துபோகும் பழைய கார்: திருகைத் தொடுவதற்கு முன்

மார்கழி, தை மாதங்களில் உதகையிலுள்ள என் பட்டறைக்கு வரும் பழைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் ஒரே குறையோடுதான் வருகின்றன. கீழே நன்றாக ஓடிய வண்டி, இங்கே ஓர் இரவு வெளியில் நின்றபின், காலையில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் தொடர்ந்து ஓடுவதில்லை, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் அணைந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் கோவையிலிருந்து வந்த ஒரு மாருதி 800 இன்னும் நினைவில் இருக்கிறது. அதன் உரிமையாளர் வழியிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழுவி, பிளக்குகளையும் பிளக் ஒயர்களையும் மாற்றி, அந்தக் கலவையின் அளவை மாற்றும் மிக்ஸ்சர் திருகை இரண்டு முறை திருப்பவும் செய்திருந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தபோது, குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கின் கேபிள் முனை எதிலும் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சோக் நெம்புகோல் திறந்த நிலையிலேயே இருக்கும்படி கட்டுக்கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. சமவெளியில் எப்போதோ கேபிள் இறுகிப்போயிருக்கிறது. அங்கே சோக் இல்லாமலே வண்டி ஸ்டார்ட் ஆகும் என்பதால் யாரோ கட்டிவைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். புதிய கேபிள் போட்டு, திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் வேலை முடிந்துவிட்டது.

இப்படிப்பட்ட வண்டிகளை ஆண்டுதோறும் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். குளிரில் கார் அணைந்தால் பழி முழுவதும் கார்புரேட்டர் மேல் விழுகிறது, கையும் நேராகத் திருகுக்குத்தான் போகிறது. பழுதோ பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்னப் பாகங்களில்தான் இருக்கிறது.

சோக் எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் எரிவது பெட்ரோலின் ஆவிதானே தவிர, பெட்ரோல் துளி அன்று. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கார்புரேட்டர் தெளிக்கும் பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகாமல் சிலிண்டருக்குப் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் குளிர்ந்த சுவர்களில் ஈரமாகப் படிந்துவிடுவதால், சிலிண்டருக்குள் போய்ச் சேரும் கலவை நெருப்புப் பற்றாத அளவுக்கு மெலிந்துவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டக் கூடுதலாகப் பெட்ரோலைக் கொடுப்பதும், இன்ஜின் அணையாதபடி சுற்றுவேகத்தைச் சற்று உயர்த்தி வைப்பதுமே சோக்கின் இரண்டு வேலைகள். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. சோக் தகடு சரியாக மூடினாலும், அதோடு இணைந்து ஆக்ஸிலரேட்டரால் இயங்கும் காற்றுத் தகடான த்ராட்டிலைச் சிறிது திறக்கவேண்டிய கேம் என்ற சிறு தள்ளுதுண்டு தேய்ந்தோ அழுக்கேறி ஒட்டிக்கொண்டோ இருந்தால், வண்டி ஸ்டார்ட் ஆகி உடனே அணையும்.

இந்த அமைப்பு எல்லா வண்டிகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மாருதி 800இல் காற்றுவழியை மறைக்கும் தகடு இருக்கிறது. 1489 சிசி இன்ஜின் கொண்ட பழைய அம்பாசடரின் எஸ்.யூ. கார்புரேட்டரில் தகடே கிடையாது. சோக்கை இழுத்தால் பெட்ரோல் வெளிவரும் துளையான ஜெட் கீழே இறங்கி, அதனுள் நிற்கும் ஊசிக்கும் அதற்கும் நடுவிலுள்ள இடைவெளி பெரிதாகிறது. இழுத்த ஜெட் திரும்ப மேலே ஏறாமல் சிக்கிக்கொண்டால், காலையில் அருமையாக ஸ்டார்ட் ஆகும் வண்டி பத்து நிமிடத்தில் கரும்புகை கக்கி அணையும். பிரீமியர் பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஸ்டார்ட்டிங்குக்கென்றே தனியாக ஒரு பெட்ரோல் வழி உண்டு. த்ராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம்தான் அதன் வழியே பெட்ரோலை இழுக்கிறது. எனவே பத்மினியில் சோக்கை இழுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்தபடி செல்ஃப் அடித்தால், நாமே சோக்கைச் செயலிழக்கச் செய்கிறோம். அந்த வண்டியை வைத்திருந்த பழைய டாக்ஸி ஓட்டுநர்கள் இதை யாரும் சொல்லித்தராமலே அறிந்திருந்தார்கள்.

வண்டி அணைகிறது என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, எப்போது அணைகிறது என்பதைத்தான். ஸ்டார்ட் ஆன சில நொடிகளிலேயே அணைந்தால் சோக் பக்கம் பார்க்கவேண்டும். அணையும் முன் கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று திருப்பி அடித்தால் பெட்ரோல் போதவில்லை என்றும், வண்டி குலுங்கி, கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் பெட்ரோல் மிஞ்சிப்போகிறது என்றும் பொருள். ஐயம் இருந்தால் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும்: காய்ந்து வெளுத்திருப்பது முதல் வகை, நனைந்து கறுத்திருப்பது இரண்டாம் வகை.

சோக் இழுத்திருக்கும்வரை ஓடி, அதை உள்ளே தள்ளிய நொடியில் அணைகிற வண்டிக்கு நோய் வேறு. அங்கே, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜினை ஓடவைக்கும் ஐடிலிங் வழியில் பெட்ரோல் வரவில்லை. சோக் அந்தக் குறையை மறைத்துக்கொண்டிருக்கிறது. ஐடில் ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம். அந்த வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் ஐடில் சாலினாய்டு உள்ள கார்புரேட்டராக இருந்தால், சாவியைப் போட்டுவைத்து அதன் ஒயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ‘டிக்’ என்ற ஒலி கேட்காவிட்டால் ஒயரோ சாலினாய்டோ கெட்டிருக்கிறது. இரண்டும் சரி என்றால், கார்புரேட்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டும், மேனிஃபோல்டிலிருந்து, இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயும் காற்றை உறிஞ்சுகின்றனவா என்று பார்க்கவேண்டும். வெடித்துப்போன பழைய ரப்பர் குளிரில் விறைத்துக் காற்றைக் கசியவிடும், சூடேறியதும் தளர்ந்து ஓரளவு மூடிக்கொள்ளும். அதனால்தான் பகலில் பட்டறைக்குக் கொண்டுவந்தால் ஒன்றும் தெரிவதில்லை. இந்த இடங்களில் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை எடுத்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் படாமல் மெல்லத் தெளித்தாலே, கசிவுள்ள இடத்தில் இன்ஜின் ஓசை மாறுவது கேட்கும்.

மூன்றாவது வகைதான் மிகவும் குழப்புவது. வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகி, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடியபின், இழுவை குறைந்து அணைகிறது. ஓரமாக நிறுத்திவிட்டு, ஐந்து பத்து நிமிடம் கழித்துச் செல்ஃப் அடித்தால் எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. பெட்ரோல் பம்ப், காயில், கண்டென்சர் என ஒவ்வொன்றாக மாற்றிவிட்டுக் கடைசியில் என்னிடம் வருவார்கள். இது பெரும்பாலும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிப்பதால் வருவது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதாலும், கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்சூரியில் காற்றழுத்தம் குறைவதாலும், உள்ளே வெப்பநிலை வெளியிலுள்ளதைவிட 20 டிகிரிவரைகூடக் குறைந்துவிடும். வெளியே 10 டிகிரியும் அடர்ந்த மூடுபனியும் இருந்தால், அந்தப் பனியின் ஈரம் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் கட்டியாக உறைந்து காற்றுவழியை அடைக்கிறது. இன்ஜின் அணைந்ததும் அதன் சூடு மேலேறிக் கட்டி உருகிவிடுவதால் தடயமே இருப்பதில்லை. உறைபனி விழும் வறண்ட இரவைவிட, லவ்டேல் பக்கம் மேகம் சாலையில் இறங்கிக் கிடக்கும் காலைப்பொழுதுதான் இதற்கு ஏற்ற நேரம். சிறு விமானங்களில் பிஸ்டன் இன்ஜின் ஓட்டும் விமானிகளுக்கு இதைப் பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

இப்படி நேராமலிருக்கத்தான் மாருதி 800இல் சுடுநீர் மேனிஃபோல்டுக்குள் ஓடும்படியும், அம்பாசடரில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் ஒட்டி இருக்கும்படியும் வைத்தார்கள். அந்தச் சூடு வரவேண்டுமானால் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கவேண்டும். இன்ஜின் நீர் 80 டிகிரியை நெருங்கும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் அதுதான் தடுக்கிறது. சமவெளியில் வண்டி சூடேறுகிறது என்று ஒருவர் வந்தால், ரேடியேட்டர் அடைப்பையும் விசிறியையும் பார்ப்பதற்குப் பதிலாக இந்த வால்வைக் கழற்றி எறிவது நம் தொழிலில் ஊறிப்போன கெட்ட பழக்கம். அந்த வண்டி மலைக்கு வந்தால் இன்ஜின் நாளெல்லாம் வெதுவெதுப்புக்கு மேல் போவதில்லை. சோக்கையும் உள்ளே தள்ள முடிவதில்லை. அரைச் சோக்கிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு அடியில் இறங்கி ஆயிலோடு கலக்கிறது. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். அதற்குமேல் அந்த ஆயிலில் ஓட்டக்கூடாது.

மின்சாரப் பக்கம் சொல்ல அதிகமில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பனி வியர்த்திருந்தால் காய்ந்த துணியால் துடைக்கவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனையான பாயிண்ட் தேய்ந்திருந்தால் அதன் இடைவெளியை, அம்பாசடரானால் 0.4 மி.மீ. அளவில், வைக்கவேண்டும். தளர்ந்த பேட்டரி செல்ஃப் சுற்றும்போது மின்னழுத்தத்தை இழந்து, பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயிலைப் பட்டினி போடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

இனி அந்தத் திருகு. உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது என்பதால், மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த கலவை இங்கே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். மலையில் தங்கும் இரண்டு நாளுக்காகத் திருகை இறுக்கினால், கீழே இறங்கியதும் வண்டி மெலிந்த கலவையில் திணறும். இங்கேயே இருக்கும் வண்டிக்கு மட்டும் இங்கே ட்யூனிங் செய்தால் போதும். வருகிறவர்கள், திருகை யாராவது தொட்டால் எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பதால் கணக்கு இன்னும் மாறியிருக்கிறது. எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகவே வேண்டும் என்பதால் பழைய ஜெட் அளவில் கலவை மெலிகிறது. மலையேறும்போது மிகும் பெட்ரோலை இது ஓரளவு ஈடுசெய்யவும் செய்கிறது. ஆனால் ஆவியாவதற்கு எத்தனால் பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேல் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், குளிர்ந்த இன்ஜின் முன்னிலும் சிரமப்படுகிறது. பழைய ரப்பர் குழாய்களும் பம்ப் டயாபிரமும் இதில் ஊறிக் கெடுகின்றன. அவற்றை மாற்றாமல் ட்யூனிங் மட்டும் செய்வது வீண் செலவு.

மூன்று ஆபத்துகளைச் சொல்லியாகவேண்டும். ஸ்டார்ட் ஆகவில்லையென்று ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்வது முதலாவது. இன்ஜின் திருப்பி அடித்தால் தீ நேராக முகத்துக்கு வரும். அப்படிக் கை வெந்துபோன இளைஞர் ஒருவரை நான் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். குளிருக்குப் பயந்து ஷெட் கதவை மூடிக்கொண்டு வண்டியைச் சூடேற்றுவது அடுத்தது. சோக் இழுத்த இன்ஜின் கார்பன் மோனாக்சைடை ஏராளமாக வெளியிடும். அதற்கு வாடையோ நிறமோ கிடையாது, தலைவலி வரும்போதே எழுந்து நடக்கும் வலு போயிருக்கலாம். வண்டியை வெளியே தள்ளிவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

மூன்றாவது ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் அணைந்தால், மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாகிவிடும். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிச் சாலையிலோ, குன்னூர் இறக்கத்திலோ இப்படி நேரக்கூடாது. அணையும் குறையோடு கீழே இறங்கியே ஆகவேண்டிய நிலை வந்தால், இன்ஜின் முழுதாகச் சூடேறியபின் புறப்படுங்கள். இரண்டாம் கியரில், கிளட்சை மிதிக்காமல் இறங்குங்கள். கியரில் இருக்கும்வரை சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருப்பதால், அது அணைந்திருந்தாலும் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைத்துக்கொண்டிருக்கும்.