நிப்பிள் ஷீல்டு வாங்குவதற்கு முன் குழந்தையின் எடையைப் பாருங்கள்

பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "மணிக்கணக்காகக் குடிக்கிறது, ஆனாலும் எடை ஏறவில்லை" என்று வருகிறவர்களின் பையில் இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு நிப்பிள் ஷீல்டு, அதாவது மார்க்காம்பின்மேல் பொருத்திக்கொண்டு பாலூட்டும் உறை, இருக்கிறது. யார் வாங்கச் சொன்னார்கள் என்று கேட்டால், பிரசவ வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர், நாத்தனார், கைப்பேசியில் பார்த்த காணொளி என்று பதில் வருகிறதே தவிர, குழந்தை பால் குடிப்பதை அருகில் உட்கார்ந்து ஒருமுறையாவது கவனித்த எவரும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. அண்மையில் அப்படி வந்த ஒரு குழந்தை, பிறந்தபோது இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தது. அழவும் தெம்பில்லாமல் அது தூங்கிக்கொண்டே இருந்ததை, ஷீல்டு போட்டதிலிருந்து சமர்த்தாகத் தூங்குகிறது என்று வீட்டார் நிம்மதியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்க நேர்வதால்தான் இதை எழுதுகிறேன்.

இத்தனைக்கும் வேராக இருப்பது, "காம்பு தட்டையாக இருக்கிறது, அதனால் குழந்தையால் குடிக்க முடியாது" என்ற நம்பிக்கை. குழந்தை காம்பை மட்டும் சப்பிப் பால் குடிப்பதில்லை. மார்பைப் பற்றிக் குடிக்கிறது. வாயை அகலத் திறந்து, காம்போடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியையும், குறிப்பாக அதன் கீழ்ப்பாதியை, வாய்க்குள் இழுத்துக்கொள்கிறது. அந்த இழுப்பில் மார்பின் திசு நீண்டு, காம்பின் நுனி குழந்தையின் கெட்டியான மேலண்ணம் முடிந்து மென்மையான அண்ணம் தொடங்கும் இடத்துக்கு அருகே போய் நிற்கிறது. நாக்கு கீழிறங்கும்போது உண்டாகும் இழுவிசையில் பால் வருகிறது. ஆகவே காம்பு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைவிட, அதைச் சுற்றியுள்ள பகுதி எவ்வளவு இளக்கமாக நீண்டு கொடுக்கிறது என்பதே முக்கியம். புட்டியின் ரப்பர் காம்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தாயின் காம்பும் அதே வடிவத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உண்மையில், தட்டையான காம்பு உடைய தாய்மார்களில் பலர், சரியான பிடிப்பைக் கற்றுக்கொண்ட பிறகு எந்தச் சாதனமும் இல்லாமல் பாலூட்டுகிறார்கள். கருமையான பகுதியின் ஓரத்தை இரண்டு விரல்களால் மெல்ல அழுத்தினாலும் காம்பு வெளிவராமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றால் மட்டுமே அதை உள்வாங்கிய காம்பு என்கிறோம். அதிலும் எல்லாருக்கும் ஷீல்டு தேவைப்படுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை மூலம் நடப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21ஆம் ஆண்டுச் சுற்று சொல்கிறது. அறுவையின்போதும் அதற்குப் பின்னும் நரம்பு வழியாக ஏற்றப்படும் திரவத்தால் சில தாய்மார்களுக்குக் கால் வீங்குவதுபோல மார்பின் கருமையான பகுதியும் வீங்கி, இருந்த காம்பும் உள்ளடங்கிப் போகிறது. பால் கட்டிக்கொள்ளும் மூன்றாம் நான்காம் நாளிலும் இதே நிலை வரலாம். இது சில நாள்களில் வடிந்துவிடும் வீக்கம். பாலூட்டுவதற்குச் சற்று முன், விரல் நுனிகளைக் காம்பின் அடியைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் போல மெல்ல அழுத்திப் பிடித்தால் வீக்கம் பின்னுக்குத் தள்ளப்பட்டு அந்த இடம் இளகும். கையால் கொஞ்சம் பாலைப் பீய்ச்சினாலும் இளகும். செவிலியராகப் பணிபுரியும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள்: முதல் நாளிலேயே, தாயின் காதில் விழும்படி "இவங்களுக்குக் காம்பே இல்லை" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான் கணவர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்.

முதல் இரண்டு மூன்று நாள்களில் ஷீல்டு வேண்டவே வேண்டாம். அப்போது சுரக்கும் சீம்பால் கெட்டியானது, அளவிலும் மிகக் குறைவு. ஷீல்டின் உட்சுவரில் ஒட்டிக்கொள்வது போக குழந்தைக்குப் போய்ச் சேர்வது சொற்பம். குழந்தை மார்பைப் பற்றவில்லை என்றால், சீம்பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையிலோ தேக்கரண்டியிலோ கொடுங்கள். மற்ற நேரமெல்லாம் குழந்தையைத் தாயின் வெற்று மார்பின்மீது படுக்க வையுங்கள். பல குழந்தைகள் அங்கேயே தாமாகத் தேடிப் பற்றிக்கொள்கின்றன.

ஷீல்டு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் சிகாகோவில் பவுலா மையரும் அவருடைய குழுவினரும் 34 குறைமாதக் குழந்தைகளிடம் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஷீல்டு இல்லாமல் ஒருமுறைக்குச் சராசரியாக 3.9 மில்லிலிட்டர் பால் குடித்த அதே குழந்தைகள், மெல்லிய ஷீல்டோடு 18.4 மில்லிலிட்டர் குடித்தன. மார்பைப் பிடித்துவைக்க வலுவில்லாமல் நழுவிவிடும் குழந்தைக்கு அது பிடிமானமாக அமைகிறது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்காகப் புட்டியில் குடித்துவிட்டு மார்பை மறுக்கும் குழந்தைக்கும், உண்மையாகவே உள்வாங்கிய காம்பு உடைய தாய்க்கும் அது உதவக்கூடும். ஆனால் நிறைமாதக் குழந்தைக்கும் அதே பலன் கிடைக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கிலாந்தில் உல்ரிட்ஜ் என்பவரின் குழு 1980இல் வெளியிட்ட ஆய்வில், பழைய தடித்த ஷீல்டு குழந்தை குடிக்கும் பாலை 58 விழுக்காடும், மெல்லிய ரப்பர் ஷீல்டு 22 விழுக்காடும் குறைத்தன. இன்றைய சிலிக்கோன் ஷீல்டு அவற்றைவிட மெல்லியது என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர்க் கடைகளில், கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குமிழின்மீது புட்டியின் ரப்பர் காம்பைச் செருகிய பழைய வகையையும் இன்னும் விற்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் தூக்கி எறியுங்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்று பாலூட்டலில் பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துச் சொன்னால், மெல்லிய, ஒளி ஊடுருவும் சிலிக்கோனில் செய்த, குழந்தையின் மூக்கு தாயின் தோலைத் தொடும்படி ஒரு பக்கம் வெட்டிவிடப்பட்ட வகையை வாங்குங்கள். 16, 20, 24 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை அளந்து, காம்பு நெருக்கப்படாமல் உள்ளே அசைய இடமிருக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். சிறிதானால் காம்பு உரசிப் புண்ணாகும். பெரிதானால் சின்ன வாய்க்கு அடங்காமல் குழந்தை குமட்டும். தாய்க்குப் பொருந்தும் அளவு குழந்தையின் வாய்க்குப் பெரிதாக இருந்தால், குழந்தை சற்று வளரும்வரை பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுப்பதே நல்லது. வாங்கச் சொன்னவரிடமே அளவையும் கேளுங்கள். கடைக்காரரால் அதைச் சொல்ல முடியாது.

போடும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தொப்பியைப்போல மேலே கவிழ்த்து வைத்தால் அது நிற்காது. கையைக் கழுவி, ஷீல்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அதன் முனையைப் பாதி உட்புறமாகத் திருப்பிக் காம்பின் நடுவில் வைத்து, விளிம்பைத் தோலோடு விரித்துவிட்டால், முனை திரும்பி வெளிவரும்போது காம்பையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். வெட்டுப்பகுதி குழந்தையின் மூக்கு வரும் பக்கம் இருக்கட்டும். இதன் பிறகும் குழந்தை வாயை அகலத் திறந்து, முனையைத் தாண்டி மார்பையும் சேர்த்துப் பற்ற வேண்டும். முனையை மட்டும் சப்பிக்கொண்டிருந்தால் அது பால் குடிப்பதே இல்லை. விழுங்கும் ஓசை கேட்கிறதா, குடித்து முடித்ததும் ஷீல்டுக்குள் பால் தெரிகிறதா, மார்பு இளகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தொடக்க நாள்களில் பாலூட்டிய பிறகு மீதியைப் பீய்ச்சி எடுப்பதும் அவசியம், ஏனெனில் வெளியேறாத பால் அடுத்த சுரப்பைக் குறைத்துவிடும். பயன்படுத்தியதை முதலில் குளிர்ந்த நீரிலும் பிறகு சோப்பு கலந்த சுடுநீரிலும் கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்து, மூடிய டப்பாவில் உலர்வாக வையுங்கள்.

காம்பில் வெடிப்பு என்பதற்காக ஷீல்டு கேட்கிறவர்களும் வருகிறார்கள். வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் தவறான பிடிப்பு, சில வேளைகளில் குழந்தையின் நாக்கு வாயின் அடியோடு ஒட்டியிருப்பது. ஷீல்டு வலியை மறைக்கும், காரணத்தை அப்படியே விட்டுவைக்கும்.

ஷீல்டு போட்டுப் பாலூட்டும் எந்தக் குழந்தையையும் எடை பார்க்காமல் விடக் கூடாது. முதல் சில நாள்களில் குறையும் எடை, இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும்; அதன் பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். ஐந்து நாள் கடந்த குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்க வேண்டும். மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். நான்கைந்து நாள்களுக்குப் பிறகும் டயப்பரில் செங்கல் நிறக் கறை தெரிந்தால், குழந்தையைப் பால் குடிக்க எழுப்ப முடியாவிட்டால், மஞ்சள் காமாலை கூடினால், அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள், மாமியார் என்ன சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

குழந்தை தேறியதும் ஷீல்டைப் படிப்படியாக விடலாம். ஷீல்டோடு தொடங்கி, பால் பாய்ந்து வரத் தொடங்கியதும் சட்டென்று எடுத்துவிட்டு மார்பைக் கொடுத்துப் பாருங்கள். குழந்தை அரைத்தூக்கத்தில் இருக்கும் வேளை இதற்கு ஏற்றது, பசியில் அலறும் வேளை ஏற்றதல்ல. சிலிக்கோன் முனையைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடும் பழைய யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வெட்டிய விளிம்பு குழந்தையின் வாயைக் கிழிக்கும். சில குழந்தைகள் இரண்டே நாளில் விட்டுவிடும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். எடை சீராக ஏறிக்கொண்டிருக்கும்வரை அதற்காக எந்தத் தாயும் கண்ணீர் விட வேண்டியதில்லை.