பேய் பங்களாவுக்குள்ள லிஃப்ட் எதுக்கு?

கலிஃபோர்னியாவுல அனாஹைம் டிஸ்னிலேண்ட்ல ஹான்டட் மேன்ஷன்னு ஒரு பேய் பங்களா இருக்கு, 1969 ஆகஸ்ட்ல திறந்தது. வெளிய நின்னு பாத்தா வெள்ளைத் தூணு, பால்கனி, கம்பி கைப்பிடின்னு பழைய ஜமீன் வீடு மாதிரி கம்பீரமா நிக்கும். ஆனா உள்ள போற ஜனங்க முக்கால்வாசி நேரம் அந்த வீட்டுக்குள்ளயே இருக்கறதில்ல, அது அவங்களுக்குத் தெரியறதும் இல்ல.

விஷயம் என்னன்னா, டிஸ்னிலேண்ட் பார்க்கைச் சுத்தி ஒரு மண்கரை, அதை ஒட்டி ரயில் ஓடுது. இந்தப் பக்கம் இடம் கம்மி. ஜனங்கள வண்டியில உக்கார வச்சு பேய்ங்களக் காட்டற ரைடுக்கோ ஒரு பெரிய குடோன் அளவுக்கு கட்டடம் வேணும். சரி, அதக் கரைக்கு அந்தப் பக்கம் கட்டிட்டாங்க. இப்ப கூட்டத்த தண்டவாளத்துக்கு அடியில கொண்டு போகணும். படிக்கட்டு வச்சா "எதுக்குடா கீழ இறக்கறாங்க"ன்னு எவனாவது கேப்பான், பேய் பயமெல்லாம் அங்கயே காலி. அதனால லிஃப்ட் வச்சாங்க, ஆனா லிஃப்ட்டுன்னு தெரியாத லிஃப்ட்.

எட்டு மூலை ரூம் ஒண்ணுக்குள்ள எல்லாரையும் விட்டு கதவ மூடிடுவாங்க. சுவத்துல நாலு ஓவியம். கொஞ்ச நேரத்துல ஓவியம் ஒவ்வொண்ணும் நீள ஆரம்பிக்கும். தாடி வச்ச பெரிய மனுஷன் கோட்டு போட்டு மரியாதையா இருப்பாரு, படம் நீண்டா கீழ பேன்ட் இல்லாம வெறும் டிராயரோட ஒரு வெடிமருந்து பீப்பா மேல நிக்கறாரு. ரூம் மேல வளருதுன்னுதான் தோணும். நிஜத்துல கூரை அசையல, நீங்க நிக்கற தரைதான் இறங்கிட்டு இருக்கு. நம்ம உள்காதுக்கு வேகம் மாறும்போது மட்டும்தான் உறைக்கும், ஒரே சீரான வேகத்துல போனா ஒண்ணும் தெரியாது. மெதுவா ஆரம்பிச்சு மெதுவா நிறுத்தினா உடம்பு கண்டுக்காது, கண்ணு சொல்றத நம்பிடும். 1971ல ஃப்ளோரிடாவுல இதே பங்களாவ கட்டுனப்ப கீழ இறங்க வேண்டிய தேவையே இல்ல, ஆனா ஜனங்களுக்கு இந்த சீன் வேணுமேன்னு அங்க கூரைய நிஜமாவே மேல ஏத்துறாங்க! இடப்பற்றாக்குறைக்குப் போட்ட தீர்வு இன்னொரு ஊர்ல வித்தையா மாறினத நினைச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அந்த ரூமோட உச்சியில திடீர்னு ஒரு பொணம் தொங்கறது தெரியும். கூரைன்னு நீங்க நினைச்சது மெல்லிய துணி. வீட்டு ஜன்னல் திரை மாதிரிதான், பகல்ல தெருவுல இருந்து உள்ள ஒண்ணும் தெரியாது, ராத்திரி உள்ள லைட் போட்டா சோஃபா வரைக்கும் தெரியும்ல, அதே கதை. முன்பக்க லைட்ட அணைச்சு பின்பக்கம் போட்டா துணியே இல்லாத மாதிரி ஆயிடும்.

கதவு திறந்ததும் படம் மாட்டின ஒரு நீள வழி வரும், தண்டவாளத்துக்கு அடியில நடக்கறது இங்கதான். கடைசில ரெண்டு கல் முகம் நீங்க போற பக்கமெல்லாம் திரும்பிப் பாக்கும். மோட்டார் எதுவும் இல்ல. அந்த முகம் வெளிய துருத்தினது இல்ல, உள்ள குழிஞ்சது, ஜெல்லி அச்சு மாதிரி. குழிஞ்ச மூஞ்சிய மூளை வாழ்க்கையில பாத்தது இல்ல, அதனால துருத்தினதாவே எடுத்துக்குது, அப்படி எடுத்துக்கிட்டா நாம நகரும்போது அது திரும்பற கணக்குதான் சரியா வருது.

அப்புறம் வண்டி. ஓம்னிமூவர்னு பேரு, கருப்பு சிப்பி மாதிரி சீட்டுங்க ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சங்கிலி கோத்து நிக்காம ஓடிட்டே இருக்கும், ஏற வசதியா பக்கத்துல அதே வேகத்துல ஒரு பெல்ட்டும் ஓடும், அதனாலதான் ஒரு மணி நேரத்துல 2000 பேருக்கு மேல ஏத்த முடியுது. ஆனா அதோட உண்மையான வேலை வேற. அடியில இருக்கற இன்னொரு தண்டவாளம் ஒவ்வொரு இடத்துலயும் சீட்ட எந்தப் பக்கம் திருப்பணுமோ அந்தப் பக்கம் திருப்பும். ரெண்டு பக்கமும் ஓடு மறைக்கறதால பக்கத்து சீன எட்டிப் பாக்க முடியாது. சினிமாவுல கேமரா செய்யற வேலைய இங்க உங்க சீட்டு செய்யுது. எங்க பாக்கணும்னு உங்களக் கேக்கறதே இல்ல, இவ்வளவு பெரிய கட்டடத்துல பாதி பொறியியல் இதுக்குத்தான் செலவாகுதுன்னு நான் சொல்லுவேன்.

இது எதுக்கு அவசியம்னா நடன மண்டபம் வந்தாதான் புரியும். பால்கனியில போற மாதிரி போறீங்க, கீழ ஒரு பெரிய ஹால், அதுல கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியற பேய்ங்க ஜோடி ஜோடியா சுத்துது, நாற்காலியில தோணுது மறையுது. ஹாலோகிராமும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. இது 1862ல லண்டன் ராயல் பாலிடெக்னிக்ல ஜான் ஹென்றி பெப்பர்ங்கற அறிவியல் பேச்சாளர் மேடையில காட்டின வித்தை, அடிப்படை யோசனை ஹென்றி டர்க்ஸ்ங்கற இன்ஜினியரோடது, பேரு மட்டும் 'பெப்பரோட பேய்'னு பெப்பருக்குப் போயிடுச்சு.

ராத்திரி ரயில்ல ஜன்னலோரம் உக்காந்திருந்தா வெளிய மரத்துக்கு நடுவுல உங்க முகம் மிதக்கும் பாருங்க, அவ்வளவுதான். சாதாரண கண்ணாடிய நேரா பாத்தா விழற வெளிச்சத்துல 100க்கு சுமார் 8 பங்கு திரும்பி வரும், மிச்சம் பெரும்பாலும் ஊடுருவிப் போயிடும். இங்க உங்களுக்கும் ஹாலுக்கும் நடுவுல சுவர் உயரத்துக்கு கண்ணாடி நிக்குது, உங்களுக்குத் தெரியாது. பேய் பொம்மைங்க ஹால்லயே இல்ல, உங்க பால்கனிக்கு அடியிலயும் மேலயும் கருப்புத் துணிக்கு நடுவுல சுத்திட்டு இருக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பொம்மை எவ்வளவு தூரமோ, அந்தப் பக்கம் அதே தூரத்துல பிம்பம் தெரியும். அந்தக் கணக்கு துல்லியமா இருந்தாத்தான் பேய் சரியா நாற்காலியில உக்காரும், ஒரு அடி தப்பினா அந்தரத்துல உக்காரும். நாற்காலி நிஜம், பேய் பிம்பம். பொம்மை மேல லைட்ட கூட்டினா பேய் வரும், குறைச்சா போயிடும். உங்க மேல லைட் விழாததால உங்க பிம்பம் மட்டும் தெரியாது. யாராவது ஃப்ளாஷ் அடிச்சா போச்சு.

ஒரே ஒரு சறுக்கல். பிம்பத்துல இடம் வலம் மாறிடுமில்ல, ஆண் பேய் நடத்திட்டுப் போற மாதிரி பொம்மைய செஞ்சு வச்சா, ஹால்ல பெண் பேய்தான் ஜோடிய இழுத்துட்டு சுத்துது. இத்தன வருஷமா அப்படியேதான் ஆடிட்டு இருக்காங்க, எனக்கு அதுவே பிடிச்சிருக்கு.

இந்த வித்தையெல்லாம் செஞ்சதுல முக்கியமான ரெண்டு பேரு டிஸ்னியோட வடிவமைப்பாளருங்க யேல் க்ரேசி, ராலி க்ரம்ப். ராத்திரி பட்டறைய பெருக்க வர்றவங்க பயந்து போய் லைட்ட அணைக்காம விட்டுட்டுப் போங்கன்னு கேட்டதாவும், இவங்க குறும்புக்கு லைட் தானா அணைஞ்சு பேய் வர்ற மாதிரி செட் பண்ணி வச்சதாவும், மறுநாள் பட்டறை நடுவுல துடைப்பம் மட்டும் கிடந்ததாவும் ஒரு கதை சொல்லுவாங்க.

ரைடு முடிஞ்சு வண்டிய விட்டு இறங்கினா ஒரு சாய்வான நகரும் பாதை உங்கள மேல கொண்டு போகும். ஒரு குட்டிப் பேய் "சீக்கிரம் திரும்பி வாங்க"ன்னு கூப்பிடும், எல்லாரும் அதத்தான் பாத்துட்டு வருவாங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சப்ப தரைமட்டம்தானே, இப்ப எதுக்கு மேல ஏறணும்னு யாரும் கேக்கறதில்ல.