வலிக்காத கடியைக் கவனியுங்கள்

பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போனவரும் வயற்கரையில் பற்றை வெட்டியவரும் கடிபட்டு வந்தால், "நல்லா வலிக்குதோ?" என்பதே நாம் கேட்கும் முதற் கேள்வி. அந்தக் கேள்வி பல வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடும்.

புலிமுகச் சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வட இலங்கையின் மாங்குளத்தில் 2009இல் கிடைத்து, 2012இல் 'பொயிசிலோதீரியா ராஜேயி' எனப் பெயரிடப்பட்ட சிலந்தி காலை விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை வரும். மரப்பொந்தில் வாழும் இது பழைய கட்டடங்களுக்குள்ளும் வருகிறது. இந்த இனச் சிலந்திகள் கடித்தால் கடும் வலியும் வீக்கமும் வரும். சிலருக்குத் தசைப்பிடிப்பு நாட்கணக்கில் விட்டுவிட்டு வரும். பிடிப்பு வந்தால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனாலும் இவற்றின் கடியால் மனிதர் இறந்ததாகப் பதிவில்லை.

தேனீ, குளவி நஞ்சு வலிக்க வைப்பதற்கென்றே அமைந்தது. கூட்டுக்கு அருகே வந்தவரை விரட்டுவதே அதன் வேலை. தேனீ நஞ்சிலுள்ள மெலிட்டின் உயிரணுச் சவ்வைச் சிதைத்து வலி நரம்பைத் தூண்டுகிறது. தேனீயின் கொடுக்கில் முட்கள் இருப்பதால் அது தோலில் சிக்கி, நஞ்சுப்பையோடு பிய்ந்து நின்று தொடர்ந்து நஞ்சை இறக்கும். அரை நிமிடத்துக்குள் பெரும்பகுதி இறங்கிவிடும். ஆகவே அதை எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்காமல் உடனே நகத்தால் பிடுங்குங்கள். குளவி கொடுக்கை விட்டுச் செல்லாது. அதனால் ஒரே குளவி பலமுறை கொட்டும். சவர்க்காரமிட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். அரிப்புக்கு, வளர்ந்தவருக்கு 10 மில்லிகிராம் செற்றிரிசின் குளிசை ஒன்று போதும். சுண்ணாம்பு பூசாதீர்கள்: நஞ்சு தோலுக்குக் கீழே இருக்கிறது, சுண்ணாம்போ மேலே நின்று தோலைப் புண்ணாக்கும்.

கொட்டு உயிரைக் கொல்வது இரண்டு வழிகளில். ஒன்று ஒவ்வாமை: கொட்டிய இடத்துக்கு அப்பால் தடிப்பு, குரல் கம்மல், மூச்சிரைப்பு, வாந்தி, மயக்கம், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். ஆளைப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். மூச்சுத் திணறினால் உட்கார விடலாம். எழுந்து நடக்க விடக்கூடாது. அங்கே உயிர் காப்பது தொடைத் தசையில் ஏற்றும் அட்ரினலின்தான் (வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம்), குளிசை அதற்கு ஈடாகாது. மற்றது எண்ணிக்கை: கூடு கலைந்து பல கொட்டு வாங்கியவர் தெளிவாகவே இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அவ்வளவு நஞ்சு தசையைச் சிதைக்க, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் தேநீர் நிறமானால் அதுதான் அறிகுறி.

இனி வலிக்காதவை. பற்றைக்குள் இருக்கும் சிற்றுண்ணி என்னும் மிகச்சிறிய உண்ணியின் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, கடித்ததும் தெரியாது. ஒன்று தொடக்கம் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் தலையிடியும் வரும். அக்குள், கவடு, இடுப்புப்பட்டி படும் இடம் ஆகியவற்றைத் தேடிப்பாருங்கள்: சிகரெட்டால் சுட்டதுபோல் நோவில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். பொருக்கு இல்லாமலும் இக்காய்ச்சல் வரும். பென்சிலின் வகை மருந்து இதற்குக் கேட்காது, டொக்சிசைக்கிளின் வேண்டும். பற்றைக்குள் போய்வந்ததை நீங்களாகவே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது, பூச்சிக்கடி என்று எண்ணிவிடும் கட்டுவிரியன் கடி. நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரை இரவில் கடிக்கும். அதன் நஞ்சு கடித்த இடத்தைப் பெரிதாகத் தாக்குவதில்லை. நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் முனையையே தாக்குகிறது. அதனால் வலியோ வீக்கமோ இராது, பல்லடையாளமும் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுநோ, இமை தூங்கி விழுதல், இரட்டையாகத் தெரிதல், விழுங்க முடியாமை: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். கட்டவோ கீறவோ வேண்டாம். ஆளை அசையவிடாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாம்பு நஞ்செதிர் மருந்துள்ள பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போகவேண்டும். கண் திறக்க முடியாத அந்த ஆளுக்கு நினைவு தெளிவாக இருக்கக்கூடும். மூச்சைத் தாங்கிக்கொடுத்தால் தசை மெல்ல மீளும்.