ஐந்து பல்புகளை வரிசைப்படுத்துங்கள்

ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், உள்தடை (மின்னோட்டத்துக்குப் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு) இல்லாத, ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள். முதல் பேட்டரியில் ஏ என்ற ஒற்றைப் பல்பு. இரண்டாவதில் பி, சி இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக, தொடர் இணைப்பில். மூன்றாவதில் டி, இ இரண்டும் தனித்தனிக் கிளைகளில், பக்க இணைப்பில். எது அதிகப் பிரகாசம், எது குறைவு, ஏன்? மேலே படிப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் விடையை எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் லிலியன் மெக்டெர்மாட் தன் குழுவோடு மாணவர்களிடம் கேட்ட கேள்வி இது. ஏ, டி, இ மூன்றும் ஒரே பிரகாசம். பி, சி இரண்டும் தங்களுக்குள் சமம், ஆனால் மற்றவற்றைவிட மங்கல். இதைச் சரியாகச் சொன்ன கல்லூரி மாணவர்கள் சுமார் 15 சதவீதம்தான். பாடம் நடத்துவதற்கு முன்பு கேட்டாலும் நடத்தி முடித்த பிறகு கேட்டாலும் அந்த எண் பெரிதாக மாறவில்லை என்பதுதான் என்னை உலுக்கிய விஷயம். கிர்ச்சாஃப் விதிகளை வைத்துச் சிக்கலான மின்சுற்றுக் கணக்குகளைப் போடத் தெரிந்தவர்களும் இதில் தடுமாறினார்கள். சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுப்பதும், மின்சுற்றில் என்ன நடக்கிறது என்று மனத்தில் ஓட்டிப் பார்ப்பதும் இரண்டு தனித்தனித் திறமைகள், ஒன்று வந்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது.

மெக்டெர்மாட் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். மாணவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதையும் ஓர் இயற்பியல் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டு, இயற்பியல் துறைக்குள்ளேயே உட்கார்ந்து ஆராய்ந்தார். தவறான விடைகளைக் கழித்துத் தள்ளாமல் அவற்றையே தரவாகப் பார்த்தார், அவர் செய்ததிலேயே பெரிய வேலை இதுதான் என்பேன். ஏனென்றால் அந்தத் தவறுகள் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. பலர் சி-யைவிட பி பிரகாசம் என்றார்கள். மின்னோட்டத்தை முதல் பல்பு கொஞ்சம் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் கணிப்பு. இன்னும் பலர் டி, இ இரண்டும் ஏ-யைவிட மங்கல் என்றார்கள், பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும், அதை இரண்டாகப் பங்குபோட வேண்டும் என்று நினைத்ததால். உண்மையில் தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள் வழியாகவும் ஓடுவது ஒரே மின்னோட்டம். பக்க இணைப்பிலோ ஒவ்வொரு பல்புக்கும் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் கிடைக்கும், அதற்கேற்ப பேட்டரி இரண்டு மடங்கு மின்னோட்டத்தைத் தரும்.

இயக்கத்திலும் இதே கதைதான். 1980-இல் டேவிட் டிரௌபிரிட்ஜும் மெக்டெர்மாட்டும் வெளியிட்ட ஆய்வில், இணையான இரண்டு தடங்களில் இரண்டு பந்துகளை உருட்டிவிட்டு, மாணவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு பந்து சீரான வேகத்தில் போகிறது, மற்றது வேகமாகப் புறப்பட்டு மெல்ல மெல்ல வேகம் குறைகிறது. முதலில் அது சீரான பந்தை முந்தும், அப்புறம் சீரான பந்து அதை முந்தும். இரண்டுக்கும் வேகம் எப்போது சமம் என்று கேட்டால், பந்துகள் பக்கத்தில் பக்கத்தில் வரும் தருணத்தைக் காட்டியவர்கள் உண்டு. முந்தும்போது வேகம் எப்படிச் சமமாக இருக்கும்? இரண்டு முந்தல்களுக்கும் நடுவே, இடைவெளி அதிகபட்சமாக இருக்கும்போதுதான் வேகங்கள் சமம். இருக்கும் இடம் வேறு, வேகம் வேறு என்ற பிரிவு மாணவர் மனத்தில் இன்னும் உறுதிப்படவில்லை. பரீட்சைத் தாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்தக் குழப்பம் கண்ணிலேயே படாது.

சரி, திரும்பத் தெளிவாக விளக்கினால் போதாதா என்றால், போதாது. மாணவர் அந்த விளக்கத்தையும் தன் மனத்தில் இருக்கும் பழைய படத்துக்குள்ளேயே பொருத்திக்கொள்வார். அதனால் பீட்டர் ஷாஃபர் உள்ளிட்ட சகாக்களோடு அவர் உருவாக்கிய பயிற்சிகளில், முதலில் மாணவர் என்ன நடக்கும் என்று தன் கணிப்பை எழுத வேண்டும், அப்புறம் அதற்கு முரணான ஒன்றை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும், பிறகு சின்னக் குழுவில் விவாதித்து அந்த முரணைத் தானே தீர்க்க வேண்டும். பி எரிகிறது, அதைத் தாண்டி சி-யும் அதே பிரகாசத்தோடு எரிகிறது என்றால் மின்னோட்டத்தை பி தின்றது என்ற கணிப்பு எங்கே நிற்கும்? பயிற்றுநர் விடையைச் சொல்வதில்லை, அடுத்த கேள்வியைத்தான் கேட்பார். கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் விடை தெரிந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டு சரியான கேள்விக்காகக் காத்திருப்பது கடினமான வேலை.

அந்தப் பயிற்றுநர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெரும்பாலும் முதுநிலை மாணவர்களான அவர்கள், வகுப்பு எடுக்கும் முன் வாராந்தரக் கூட்டத்தில், மாணவர்கள் பயிற்சிக்கு முன் எழுதும் அதே தேர்வை எழுத வேண்டும். ஐந்து பல்புக் கேள்வியைச் சரியாக எழுதியவர்கள் அவர்களில் சுமார் 70 சதவீதம்.