சாண்டருக்கு எவ்வளவு உறிஞ்சல் போதும்?

பெங்களூரில் சர்ஜாபுரம் சாலையிலும் வைட்ஃபீல்டிலும் எழும் அடுக்குமாடிகளில், அலமாரி வேலையின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே, அடைத்த அறைகளில் நடக்கிறது. அங்கே ப்ளைவுட்டையும், வெனீர் எனும் மெல்லிய மரத்தகட்டையும் தேய்க்கும்போது எழும் நுண்தூள் நெடுநேரம் காற்றிலேயே மிதக்கிறது. மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. மூக்குக் குழியிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் தோன்றும் புற்றுநோயே அதற்கு முதன்மையான சான்று. ஆகவே, தூசி உறிஞ்சியைக் கருவியோடு இணைத்து வேலை செய்வது மிகவும் தேவையான பழக்கம். ஆனால் எந்தக் கருவியை மாட்டினாலும் உறிஞ்சலைக் கூட்டிக்குறைக்கும் திருகை உச்சத்திலேயே வைத்திருந்தால், உப்புத்தாள் மாட்டி மரத்தைத் தேய்க்கும் மின்கருவியான சாண்டரைப் பொறுத்தவரை மரமும் கெடும், தூளும் முழுதாகப் போகாது.

உறிஞ்சல் என்று நாம் சொல்வதில் இரண்டு அளவுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, விசிறி உண்டாக்கும் அழுத்தக் குறைவு. மற்றொன்று, குழாய் வழியே வினாடிக்கு எத்தனை லிட்டர் காற்று ஓடுகிறது என்பது. குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்தால் கையை இழுக்கும் விசை மிகுதியாகத் தெரியும். ஆனால் அப்போது காற்று ஓடுவதே இல்லை. மோட்டாரின் ஒலி அந்த நேரத்தில் உயர்வதற்குக் காரணம், தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் சுமை குறைந்து அது கூடுதல் வேகத்தில் சுழல்வதுதான். தூளைச் சுமந்து செல்வது ஓடும் காற்று மட்டுமே என்பதால், கையில் உணரும் இழுப்பை வைத்து உறிஞ்சியை மதிப்பிடுவது தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும்.

சாண்டரில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. உப்புத்தாள் ஒட்டிய, 125 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டின் அடியில் அழுத்தம் சராசரியாக 2,000 பாஸ்கல் குறைந்தால், சுற்றியுள்ள காற்று அந்தத் தட்டை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடைக்கு நிகரான விசையுடன் மரத்தின் மேல் அழுத்தும். நல்ல தூசி உறிஞ்சி 20,000 பாஸ்கலுக்கு மேலும் இழுக்கக்கூடியது என்பதை நினைத்தால், இது பெரிய அளவே அன்று. கை சற்றும் அழுத்தாதபோதே தட்டு மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் சுழற்சி தடைப்பட்டு, அதிர்வு முழுவதும் பிடிக்கும் கைக்கு வந்துசேர்கிறது. தட்டின் விளிம்பு மரத்தோடு இறுகிவிடுவதால் பக்கங்களிலிருந்து காற்று நுழைய இடமில்லை; காற்று நுழையாவிட்டால் ஓட்டமும் இல்லை. உப்புத்தாளுக்கும் மரத்துக்கும் நடுவே சிக்கிய தூள் திரண்டு, சுருள் சுருளான கீறல்களைப் போடுகிறது. அவை பெரும்பாலும் பாலிஷ் ஏறிய பிறகே கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் வருத்தத்துக்குரியது. அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள வெனீரில் அவற்றைத் தேய்த்து நீக்கவும் வழியில்லை.

உறிஞ்சலைக் குறைப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. அவற்றின் விளைவு ஒன்றல்ல. திருகைக் குறைத்தால் மோட்டாரின் வேகம் குறைகிறது. வேகம் பாதியானால் காற்றோட்டம் பாதியாகவும், அழுத்தக் குறைவு கால் பங்காகவும் இறங்கும் என்பது விசிறிகளுக்குரிய பொது விதி. இன்னொரு வழி, குழாய் கருவியோடு சேரும் முனையில் உள்ள வளையத்தைத் திறந்து வெளிக்காற்றைச் சிறிது உள்ளே விடுவது. இதனால் தட்டின் அடியில் இழுப்பு தளர்ந்தாலும், குழாய்க்குள் ஓடும் காற்றின் வேகம் குறைவதில்லை. அதே திறப்பு உறிஞ்சியின் பக்கத்தில் இருந்தால் இந்தப் பயன் கிடைக்காது. குழாய்க்குள் வேகம் ஏன் முக்கியம் என்றால், அது குறைந்தால் தூள் வழியிலேயே படிந்துவிடும். ஐரோப்பியத் தரவிதியில் எம் வகுப்பை, அதாவது நடுத்தர ஆபத்துள்ள தூசிக்கான வகுப்பைச் சேர்ந்த உறிஞ்சிகள், அந்த வேகம் வினாடிக்கு 20 மீட்டருக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும். 27 மில்லிமீட்டர் குழாயில் அந்த வேகத்துக்கு வினாடிக்குச் சுமார் 11.5 லிட்டர் காற்று போதும். 36 மில்லிமீட்டர் குழாயில் 20 லிட்டருக்கு மேல் தேவை. தட்டின் சிறு துளைகள் வழியே குறைந்த காற்றையே வாங்கும் சாண்டருக்கு மெல்லிய குழாய் பொருந்துவதன் காரணம் இதுதான்.

மின் இழைப்புளிக்கு நிலைமை நேர் எதிர். அது அள்ளி வீசும் சீவல்கள் மெல்லிய குழாயின் வளைவில் சிக்கி அடைத்துக்கொள்ளும். ஒரே அளவு காற்று ஓடும்போது, 27இலிருந்து 36 மில்லிமீட்டர் குழாய்க்கு மாறினால் உராய்வினால் வரும் அழுத்த இழப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். எனவே இழைப்புளிக்கு அகலமான குழாயும் முழு உறிஞ்சலும் தேவை. பள்ளம் வெட்டும் ரூட்டர், வட்ட ரம்பம், வளைவுகளை அறுக்கும் ஜிக்சா ஆகியவையும் முழு உறிஞ்சலிலேயே ஓடலாம், ஏனெனில் அவற்றின் அடிப்பகுதி மரத்தோடு காற்றுப்புகாமல் மூடிக்கொள்வதில்லை. பட்டறையில் நிலையாக நிற்கும் பெரிய இழைப்பு இயந்திரத்துக்கு இவ்வகை உறிஞ்சி போதாது. 100 மில்லிமீட்டர் குழாயில் ஏராளமான காற்றைக் குறைந்த அழுத்தத்தில் இழுக்கும் பை வைத்த இயந்திரமே அதற்கு ஏற்றது.

திருகை எந்த எண்ணில் வைப்பது என்பதைப் பிறரிடம் கேட்டு அப்படியே பின்பற்ற முடியாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதே வெப்பநிலையில் இங்குள்ள காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி உண்டாக்கும் அழுத்தக் குறைவும் அதே அளவில் குறையும். ஆகவே கழிவுப் பலகை ஒன்றில் சோதித்துப் பார்ப்பதே சரியான வழி. முழு உறிஞ்சலில் தொடங்கி, சாண்டர் தன் எடையிலேயே தங்குதடையின்றி நகரும் வரை சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். பிறகு சாய்வான வெளிச்சத்தில், பலகையின் மேல் தூள் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தங்கியிருந்தால் குறைத்தது மிகை. மரநாரை அழுத்திச் செய்த பலகையான எம்.டி.எஃப். தேய்க்கும் நாளில் ஃபில்டர் விரைவில் அடைபட்டு உறிஞ்சல் தானாகவே தளர்ந்துவிடும். மாலையில் வழுக்கிச் சென்ற சாண்டர், ஃபில்டரைத் துப்புரவு செய்த மறுநாள் காலையில் அதே எண்ணிலேயே ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், அப்போது இந்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.