ஜீப் போகாத நாள்ல வராத வயித்து வலி

தேனி மாவட்டம் கம்பத்துல விடியக்காலை அஞ்சு மணிக்கெல்லாம் ஜீப் ஹாரன் சத்தம் கேக்க ஆரம்பிச்சிரும். கம்பம்மெட்டு வழியா கேரளாவுல இருக்குற வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைங்க தூக்குவாளியோட ஏறிருவாங்க, திரும்பி வர சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் அந்த வீட்டுப் பிள்ளைங்க யார்கிட்ட இருக்குதுங்க? கவுன்சிலிங்ல இத முதல் கேள்வியாவே நான் கேக்க ஆரம்பிச்சது ஒரு பையனப் பாத்ததுக்கு அப்புறம்தான். (யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்கள மாத்தித்தான் எழுதுறேன்.)

அஞ்சாங்கிளாஸ் பையன். காலைல எந்திரிச்சாலே வயித்து வலி. குடலேத்தம்னு குடல் தட்டியாச்சு, மந்திரிச்சு கயிறு கட்டியாச்சு, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, கடைசியா ஒரு டாக்டர் "ஸ்கூலுக்குப் போக சோம்பேறித்தனம், ரெண்டு போடு போடுங்க"ன்னு சொல்லிருக்காரு. அம்மாவும் போட்டுருக்காங்க, விளக்கமாத்தாலயே. எப்பவோ நின்னுபோன படுக்கைல ஒண்ணுக்குப் போறதும் திரும்ப வந்துருச்சு, அதுக்கும் தனியா அடி.

என்னைக்கு வலிக்குது என்னைக்கு வலிக்கலன்னு காலண்டர்ல குறிச்சுட்டு வரச் சொன்னேன் (என் பெரிய கருவியே தினசரி காலண்டர்தான், சிரிக்காதீங்க). ஞாயித்துக்கிழமை வலி இல்ல, சரி, ஸ்கூல் லீவு. ஆனா நடுவுல ஒரு புதன்கிழமையும் இல்ல. என்னன்னு கேட்டா அன்னைக்கு கேரளாவுல ஹர்த்தாலாம் (பந்த்), ஜீப் மலை ஏறல, அம்மா வீட்ல இருந்துருக்காங்க, இவன் பாட்டுக்கு நாலு இட்லி தின்னுட்டு ஸ்கூலுக்கு ஓடிட்டான். அப்போ பிரச்சினை ஸ்கூல் இல்ல. ஜீப் கிளம்புறதுக்கும் ஸ்கூல் மணி அடிக்கிறதுக்கும் நடுவுல இருக்குற நேரம். அந்த நேரத்துல அவன் இருந்தது ஒரு சொந்தக்காரர் வீட்ல.

நான் தோண்டித் துருவல. மூணாவது தடவ வந்தப்ப அவனாத்தான் சொன்னான், "மிஸ், தினமும் ஹர்த்தால் வந்தா நல்லாருக்கும்ல?" அந்த வீட்ல அவனுக்கு நடந்தது பாலியல் தொல்லை, மிச்சத்த இங்க எழுத வேண்டியதில்ல.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "இத்தன நாளா ஏண்டா சொல்லல?" பாவம், பதட்டத்துல வந்த வார்த்தைதான், ஆனா பிள்ளை காதுல அது 'உன் தப்பு'ன்னுதான் விழும், ரெண்டு வாரம் அவன் வாயே திறக்கல. அப்போ சொல்ல வேண்டியது, "சொன்னது நல்லதுடா, உம்மேல ஒரு தப்பும் இல்ல", அந்த நிமிஷத்துக்கு இது போதும், மத்த கேள்வியெல்லாம் அப்புறம். அம்மா என்கிட்ட அழுதுட்டே சொன்னாங்க, "ஆம்பளப்பய தானேன்னு விட்டுட்டேன் மேடம், பொம்பளப்பிள்ளயா இருந்தா விட்டுருப்பேனா?" 2007ல மத்திய அரசு வெளியிட்ட ஆய்வுல 13 மாநிலத்துல 12,447 பிள்ளைங்ககிட்ட கேட்டாங்க, பாலியல் தொல்லை நடந்துச்சுன்னு சொன்னதுல பாதிக்கு மேல பசங்க.

பயந்தா உடம்பு ஓடத் தயாராகும், நெஞ்சு அடிக்கும், வயிறு பிசையும், நமக்கும் அப்படித்தான். ஆனா பிள்ளை எங்க ஓடும்? தினமும் அதே பயம்னா அந்த அலாரம் ஆஃப் ஆகவே ஆகாது, தூக்கம் போகும், படிப்பு ஏறாது, சிலதுக்கு சும்மா சும்மா கோவம் வரும், சிலது வளந்தப்புறம் பிளேடால கையக் கிழிச்சுக்கும், போதைக்குப் போகும். இன்னும் சிலது ஒண்ணுமே காட்டாது. "ரொம்ப அமைதியான பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்ல"ன்னு டீச்சர் சர்டிபிகேட் குடுத்தா அந்தப் பிள்ளையத்தான் நான் இன்னொரு தடவ பாப்பேன்.

சொந்தத்துக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்னு மாமா, சித்தப்பால்லாம் வந்தாங்க. முடியாது. பிள்ளைங்கள பாலியல் குற்றத்துலருந்து காக்குற 2012 போக்சோ சட்டத்துல 19வது பிரிவுப்படி, விஷயம் தெரியவந்த யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லலன்னா 21வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், எனக்கும் சேத்துத்தான். இத அம்மாகிட்டயும் பையன்கிட்டயும் முதல்ல சொல்லிட்டுத்தான் நான் தகவல் குடுத்தேன், அவங்களுக்குத் தெரியாம செஞ்சா அந்தப் பிள்ளை இன்னொரு பெரியாளையும் நம்பாது.

நம்ம பக்கத்துல இன்னொரு சிக்கல், மேல மலைல தோட்டத்து லயத்துல (வேலை செய்யறவங்க குடியிருக்குற வரிசை வீடுங்க) நடந்தா "அது கேரளா கேஸ், அங்க போய்க் குடுங்க"ம்பாங்க. திரும்பி வராதீங்க. 2024 ஜூலை 1லருந்து அமல்ல இருக்குற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (BNSS) 173வது பிரிவுப்படி எந்த ஸ்டேஷன்லயும் புகார் குடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர் போட்டு அங்க அனுப்புறது அவங்க வேலை. பிள்ளைகிட்ட வாக்குமூலம் வாங்க வர்ற போலீஸ் யூனிபார்ம்ல வரக்கூடாது, மலையாளம் தெரியாத பிள்ளைக்கு மொழிபெயர்க்க ஆள் வைக்கவும் போக்சோவுல இடம் இருக்கு. எங்க கூப்பிடுறதுன்னு தெரியலன்னா பிள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098, மலைக்கு ரெண்டு பக்கமும் அதே நம்பர்தான்.

இப்ப போடிலருந்து அம்மாச்சி வந்து கூட இருக்காங்க. வயித்து வலி ரொம்பக் கொறஞ்சிருச்சு, படுக்கை நனையிறது மட்டும் வாரத்துல ரெண்டு நாள் இன்னும் இருக்கு. அம்மாச்சி திட்டாம பாயத் தூக்கி வெயில்ல போட்டுர்றாங்களாம், போன வாரம் அவனே சொன்னான். கேஸ் நடந்துட்டு இருக்கு.