மறியல்: வீதியிலும் சிறையிலும் ஒரே சொல்

2021 செப்டெம்பரில் ஒரு நாள் லண்டனில் இருக்கும் மச்சான் அழைத்தான். எம்25 நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலமாகக் கார் நகரவில்லை, முன்னால் யாரோ வீதியில் குந்தியிருக்கிறார்கள், வேலைக்குப் பிந்திவிட்டது என்று புறுபுறுத்தான். கதைத்து முடித்துவிட்டுத் திண்ணையில் இருந்த அம்மம்மாவிடம், "மச்சான் மறியலிலை மாட்டிப்போனான்" என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஐயோ, பிள்ளை என்ன செய்தவன்? ஏன் பிடிச்சவங்கள்?" என்று கேட்டபடி எழும்பிவிட்டார்.

நான் சொன்னது வீதி மறியல். அவர் காதில் விழுந்தது சிறை. பிழை அவருடையது இல்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'அவன் மறியலிலை இருந்தவன்' என்றால் சிறையில் இருந்தான் என்றுதான் பொருள். நீதிமன்றச் செய்திகளில் நாளாந்தம் வரும் 'விளக்கமறியல்' என்ற சொல்லும் அதே வழியில் வந்தது. வழக்கு விளங்கி முடியும்வரை ஆளை மறித்து வைப்பதுதான் அது. 'சந்தேகநபருக்கு 14 நாட்கள் விளக்கமறியல்' என்று எங்கள் பத்திரிகை எழுதுவதைத் தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் படித்தால், யாரோ 14 நாட்கள் வீதியில் குந்தியிருந்து எதையோ விளக்கினார்கள் என்று நினைக்கவும் கூடும். அங்கே மறியல் என்றால் போராட்டம், அதிலும் பெரும்பாலும் சாலை மறியல்.

அவியல், பொரியல் போல மறியலும் வினையிலிருந்து பிறந்த பெயர். மறி என்பது வேர். அதற்கு இரண்டு முகம். மறித்தல் என்றால் தடுத்து நிறுத்துதல்: வழிமறித்தான், ஆளை மறித்தான். மறிதல் என்றால் மடங்குதல், திரும்புதல்: கரைக்கு வந்து மடங்கும் அலையைப் பழைய செய்யுள்கள் மறிதிரை என்கின்றன. 'மறித்தும்' என்று எழுதினால் 'திரும்பவும்' என்று பொருள். ஆக, நிறுத்துவதும் திருப்புவதும் இந்த வேருக்குள்ளேயே ஒன்றாக இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை இந்தச் சொல்லின் உயிர் அதுதான்.

தோட்டத்தில் தண்ணி மாறியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கிணற்றிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஓடிவரும். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் ஒரு கொத்து மண் போட்டு அதன் வாயை மறித்து, அடுத்த பாத்தியைத் திறந்துவிட வேண்டும். மறித்துவிட்டு அடுத்ததைத் திறக்காமல் நின்றால் வரம்பு உடைந்து வெங்காயம் அழுகும். மறிக்காமல் விட்டால் கடைசிப் பாத்தி காயும். சின்ன வயதில் இந்த இரண்டு பிழையையும் செய்து நான் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

ஆளை மறிப்பதற்கும் தமிழ்க்கரையில் நீண்ட வரலாறு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியநாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ ஒரு வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். கடன் கொடுத்தவன், பலமுறை கேட்டும் திருப்பித் தராத கடன்காரனைக் கண்டால், அவனைச் சுற்றி நிலத்தில் ஒரு வட்டம் கீறிவிடுவான். கடனைத் தீர்க்காமல், அல்லது பிணை கொடுக்காமல், அந்த வட்டத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பெரிய தண்டனை. அரசனே ஒருமுறை குதிரையில் போகும்போது வணிகன் ஒருவன் குதிரையையும் சேர்த்து வட்டம் கீற, கடனைக் கொடுத்துத் தீர்க்கும்வரை அரசன் அசையாமல் நின்றதைத் தான் நேரில் கண்டதாகவும் அவர் சொல்கிறார். அடியில்லை, பூட்டில்லை, கம்பியில்லை. நிலத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். யாரைச் சுற்றிக் கீறினார்கள் என்பதைக் கவனியுங்கள். கடன்பட்டவனைச் சுற்றி மட்டும்.

போராட்டம் என்ற பொருள் இந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் நிலைத்தது காந்தி காலத்தில். ஆங்கிலேயர் 'பிக்கெட்டிங்' என்றதற்கு அடிப்படை, முளைக்கம்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். கம்பு நட்டதுபோலக் காவல் நிற்பது, பிறகு கடை வாசலில் நின்று ஆட்களைத் தடுப்பது என்று அதன் பொருள் நகர்ந்தது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் நின்றவர்கள் செய்ததைக் 'கள்ளுக்கடை மறியல்' என்றார்கள். நல்ல தேர்வு. முளைக்கம்பை மொழிபெயர்க்காமல், கையில் ஏற்கெனவே இருந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பொருளும் ஒரே இடத்தில் சந்தித்தது யாழ்ப்பாணத்தில்தான், 1961இல். பெப்ரவரி 20ஆம் திகதி தமிழரசுக் கட்சித் தொண்டர்கள், செல்வநாயகம் தலைமையில், யாழ்ப்பாணக் கச்சேரி வாசலை மறித்து இருந்தார்கள். (தமிழ்நாட்டு வாசகருக்கு இங்கேயும் ஒரு குறிப்பு: எங்கள் ஊரில் கச்சேரி என்றால் அரச செயலகம்.) முதல் நாளே பொலிஸ் அடித்து இழுத்தது. தொண்டர்கள் திரும்ப வந்து அதே இடத்தில் இருந்தார்கள். போராட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஏப்ரலில் அவர்கள் சொந்தமாகத் தபால் சேவைகூடத் தொடங்கினார்கள். சில நாளில் அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது, தலைவர்கள் பனாகொடை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மறியல் செய்தவர்கள் மறியலுக்குப் போனார்கள். மறித்த இடத்தையும் பாருங்கள். சந்தையையோ ஆஸ்பத்திரி வீதியையோ அவர்கள் மறிக்கவில்லை. எந்த ஆட்சியின் 'சிங்களம் மட்டும்' மொழிச் சட்டத்தை எதிர்த்தார்களோ, அந்த ஆட்சியின் வாசலில் இருந்தார்கள்.

சரி, மச்சானை மறித்தவர்களுக்கு வருவோம். 'இன்சுலேட் பிரிட்டன்' என்ற காலநிலைப் போராட்டக் குழு அது. வீடுகளுக்குக் குளிர் புகாத காப்பு போட்டால் சூடாக்க எரிக்கும் வாயு குறையும், முதலில் பொதுக் குடியிருப்புகளுக்கு அரசு அதைச் செய்யவேண்டும் என்பது அவர்கள் கேட்டது. ஜேர்மனியில் 2022 ஜனவரியிலிருந்து 'கடைசித் தலைமுறை' என்ற குழுவினர் கைகளைப் பசையால் தாரில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். அங்கே மக்கள் வாயில் அவர்களுக்குக் 'காலநிலை ஒட்டிகள்' என்று பெயர். அடுத்து இன்னொரு பெயரும் வந்தது: 'காலநிலைப் பயங்கரவாதிகள்'. அந்த நாட்டில் ஆண்டுதோறும் தகாத சொல் ஒன்றைத் தெரிவு செய்து கண்டிக்கும் மொழியறிஞர் குழு, 2022ஆம் ஆண்டுக்கு இந்தச் சொல்லைத்தான் தெரிவு செய்தது. வன்முறையில்லாமல் குந்தியிருப்பவரைக் கொலைகாரர் வரிசையில் வைக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஊர் எங்களுடையது. அந்த ஒரு சொல் ஒரு ஆளின் மீது ஒட்டினால் அதன்பிறகு அவர் என்ன கேட்டார், ஏன் கேட்டார் என்று எவரும் விசாரிப்பதில்லை. இங்கே தமிழில் செய்தி எழுதுபவர்கள் அந்தச் சொல்லைக் கடன் வாங்கி இந்தப் பிள்ளைகள் மேல் போடக்கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

செய்திகளில் இப்படிப்பட்ட போராட்டங்களுக்கு இடும் இன்னொரு சொல் 'சீர்குலைப்பு'. அதுவும் சரியில்லை. சீர்குலைத்தல் என்றால் ஒழுங்காக இருந்ததைக் கெடுத்தல். ஏற்கெனவே எல்லாம் சீராக இருந்தது என்று அந்தச் சொல்லே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. சீராக இருந்தால் அந்தப் பிள்ளைகள் ஏன் தாரில் இருக்கிறார்கள்? அதைவிட 'இடையூறு' பொருத்தம். போகும் வழியில் இடையில் வந்து உறுவது இடையூறு. யார் சரி, யார் பிழை என்று அது சொல்லவில்லை. வள்ளுவர் வினைசெயல்வகையில், ஒரு செயலை எடுக்குமுன் அதன் முடிவையும் அதில் வரும் இடையூற்றையும் முடித்தபின் கிடைக்கும் பயனையும் பார்த்துச் செய் என்கிறார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணச் சொல்கிறார். இடையூறு வரும் என்பதற்காகச் செய்யாதே என்று அவர் சொல்லவில்லை.

அப்படி எண்ணினால் வீதி மறியல் நியாயமா? நியாயமாக இருக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். 2021 ஜூனில் பிரித்தானிய உச்ச நீதிமன்றமும், ஆயுதக் கண்காட்சி ஒன்றுக்குப் போகும் வீதியை மறித்தவர்களின் வழக்கில், ஆட்களுக்குத் தடையாக இருந்தாலும் வீதியில் அமைதியாக எதிர்ப்புக் காட்டுவது சட்டத்துக்கு உட்பட்ட காரணமாக அமையலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அடுத்த வருடமே பொதுத்தொல்லைக் குற்றத்துக்குப் பத்து வருடம்வரை சிறை என்று சட்டம் வந்தது. 2022இல் வேறொரு குழு நடத்திய எம்25 மறியலுக்கு இணையவழிக் கூட்டத்தில் திட்டமிட்ட ஐந்து பேருக்கு 2024 ஜூலையில் நான்கு, ஐந்து வருடங்கள் கிடைத்தன. மேன்முறையீட்டில் கொஞ்சம் குறைந்தது. திட்டம் போட்டதற்கே இவ்வளவு. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் மறித்த இடம் எனக்குக் குறையாகப் படுகிறது. 2006 ஓகஸ்டில், போர்க்காலத்தில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை பூட்டினதை யாழ்ப்பாணத்தார் மறக்க மாட்டார்கள். அரிசியும் மாவும் மருந்தும் கப்பலைப் பார்த்துக் காத்திருந்தன. 'பாதை பூட்டு' என்ற சொல்லை நாங்கள் அப்படித்தான் கற்றோம். அதிகாரம் செய்வது பூட்டு, ஆயுதமில்லாதவர் செய்வது மறியல். இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். என்றாலும் பாதை நின்றால் முதலில் வாடுவது யார் என்று எங்களுக்குத் தெரியும். நாட்சம்பளக்காரர், மருந்தெடுக்கப் போகிறவர், பிள்ளைத்தாய்ச்சி. மார்க்கோ போலோ கண்ட வணிகன் அரசனைச் சுற்றி வட்டம் கீறினான், ஊரைச் சுற்றிக் கீறவில்லை.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது நெதர்லாந்துக்காரர் செய்தது. ஹேக் நகரில் ஏ12 வீதியை 2023 செப்டெம்பரில் நாள் தவறாமல் மறித்தார்கள். அந்த வீதி நாடாளுமன்றத்தின் தற்காலிகக் கட்டடத்துக்கும் அமைச்சுக்கும் அருகால் போகிறது. எண்ணெய், வாயு, நிலக்கரிக்கு அரசு கொடுக்கும் மானியத்தை நிறுத்து என்று கேட்டார்கள். பொலிஸார் தண்ணீர் பீய்ச்சினார்கள், அள்ளிக்கொண்டு போனார்கள். மறித்தவர்கள் மறுநாள் திரும்ப வந்தார்கள். ஒக்டோபரில் அந்த மானியங்களைக் கைவிடும் வழிகளை வகுத்துக் காட்டும்படி நாடாளுமன்றம் அரசைக் கேட்டது. அதோடு அவர்கள் மறியலை நிறுத்தினார்கள். ஒரு பாத்தியை மறித்து அடுத்ததைத் திறந்த கதை இது.

யாழ்ப்பாணத்தில் காலநிலைக்காக ஒரு தனியார் பஸ்ஸை மறித்தால் என்ன திரும்பும்? இலங்கையில் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு தொன் கரியமிலவாயு. ஜேர்மனியில் அதைப்போலப் பல மடங்கு. ஆனால் கடன்காரனைச் சுற்றிக் கோடு கீறும் வேலை எங்களுக்கும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அருகே சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தபோது சனம் வீதிக்கு வந்தது, வழக்கும் போனது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கிருந்த மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் கட்டவேண்டும் என்றது. அழுக்காக்கியவரே கொடுக்கவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத இந்தக் குடாநாட்டில், சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் மழைத்தண்ணீர்தான் எங்கள் சொத்து. கடல் ஏறினால் உப்பு முதலில் தொடுவது அதைத்தான். காலநிலை எங்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை.

இனி எழுதுபவர்களுக்கு. இந்தச் செயலுக்குப் பெயர் வீதி மறியல். தமிழ்நாட்டில் சாலை மறியல். பொதுவாகப் பேச ஒரு சொல் வேண்டுமென்றால் இடையூற்றுப் போராட்டம் என்று எழுதலாம். தடை, முடக்கம், பூட்டு ஆகியவற்றை அதிகாரத்துக்கு விட்டுவிடுங்கள். ஒரே செய்தியில் மறித்தவர்களும் சிறையும் வந்தால், சிறையைச் சிறை என்றே எழுதுங்கள். 'மறியல் செய்தோருக்கு மறியல்' என்று தலைப்பிட்டால் அம்மம்மாவுக்கு மட்டுமல்ல, எவருக்கும் தலை சுற்றும்.

அன்று அவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, எல்லாவற்றையும் விளக்கினேன். குளிர்காப்பு, எரிவாயு, பனி உருகுவது எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அவன் திரும்பி வாறதுக்கு வேறை பாதை இருந்ததோ?" என்றார். நெடுஞ்சாலையில் ஏறினால் அடுத்த இறக்கம் வரும்வரை திரும்ப ஏலாது அம்மம்மா என்றேன்.

"அப்ப பிள்ளை மறியலிலைதான் இருந்திருக்கிறான்" என்றார்.